ரோந்துக் கப்பலின் பணிக்காலமும் அதற்குப் பிறகும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்புத் துறைமுகப் பக்கம் கப்பல் திருத்தும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். அதனால் சொந்தக்காரர்களும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நிற்பவர்களும் என்னிடம் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சாம்பல் நிறத்தில தெரியிற கப்பலெல்லாம் போர்க்கப்பல்தானே? ரோந்துக் கப்பல் எண்டு தனியா என்ன இருக்கு?

கடற்படையின் கொடியோடும் அதிகாரியோடும் ஓடுவதெல்லாம் சட்டப்படி போர்க்கப்பல்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வேலைக்காகக் கட்டுவதில்லை. ஆழ்கடல் ரோந்துக் கப்பலுக்கு ஏவுகணைகள் முக்கியமில்லை. பெரிய வேகமும் தேவையில்லை. வாரக்கணக்கில் கடலிலேயே நிற்க வேண்டும், மோசமான காலநிலையைத் தாங்க வேண்டும், சின்னப் படகுகளை இறக்கி ஏற்ற வேண்டும். முடிந்தால் ஒரு ஹெலிகொப்டர் இறங்க இடமும் வேண்டும்.

இலங்கைக் கடற்படையில் சயுர, சமுதுர, சயுரல, சிந்துரல, கஜபாகு, விஜயபாகு ஆகியவை இந்த வகைக்குள் வருபவை. சயுர சுமார் 101 மீற்றர் நீளம், அதிகபட்ச வேகம் மணிக்கு 21 கடல் மைல் அளவில். ஒரு ரோந்துக் கப்பலுக்கு அது போதும்.

அது கடலுக்குப் போய் என்னதான் செய்யுது? சும்மா சுத்திட்டு வருமா?

இலங்கையின் பொருளாதாரக் கடல் வலயம் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை போகிறது. பரப்பளவு சுமார் 5,17,000 சதுர கிலோமீற்றர், அதாவது நிலப்பரப்பைப்போல் எட்டு மடங்கு. ஆபத்தில் சிக்கியவர்களைத் தேடி மீட்க இலங்கை பொறுப்பேற்றிருக்கும் கடற்பரப்பு இதைவிடப் பெரியது, நிலத்தைப்போல் சுமார் 27 மடங்கு. இவ்வளவு இடத்தையும் கரையில் இருக்கும் ராடாரால் பார்க்க முடியாது. யாராவது அங்கே போய் நிற்க வேண்டும்.

நின்றால் வேலை தானாக வரும். 2020 செப்டெம்பரில் கிழக்குக் கடலில் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தபோது சயுரவும் சிந்துரலவும் போயின. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்தபோதும் கடற்படைக் கப்பல்கள் பக்கத்தில் நின்றன. ஹெரோயினும் ஐஸ் போதைப்பொருளும் ஏற்றிவரும் பலநாள் மீன்பிடிப் படகுகளை ஆழ்கடலில் மடக்கித் திக்கோவிட்ட துறைமுகத்துக்குக் கொண்டுவருவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2022 டிசம்பரில் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் தத்தளித்த நூறுக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்களைக் கடற்படை காங்கேசன்துறையில் கரைசேர்த்தது.

போர்க்காலத்தையும் சொல்லியாக வேண்டும். 2007இல் புலிகளின் ஆயுதக் கப்பல்களை ஆழ்கடலில் தேடிப் போய் மூழ்கடித்த நடவடிக்கைகளில் சயுரவும் இருந்தது. தீயணைக்கப் போனதும் அதே கப்பல்தான். ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிட்டால் அந்தக் கப்பலின் பணிக்காலத்தைச் சொன்னதாகாது.

இப்படி ஒரு கப்பல் எத்தனை வருசம் ஓடும்?

கட்டும்போது பொதுவாக 25 முதல் 30 வருடம் என்று கணக்குப் போடுவார்கள். நடப்பது வேறு. இன்றைய கஜபாகு 1968இல் அமெரிக்கக் கரையோரக் காவல் படையில் ‘ஷெர்மன்’ என்ற பெயரில் சேவைக்கு வந்தது. அங்கே 2018 வரை, ஐம்பது வருடம் ஓடியது. வியட்நாம் போருக்குப் போனது. 2007இல் பனாமாவுக்கு அருகே ஒரு சரக்குக் கப்பலில் 15 தொன்னுக்கும் மேற்பட்ட கொக்கெயினைப் பிடித்தது. அதற்குப் பிறகுதான் 2019இல் எங்கள் கடற்படையில் சேர்ந்தது.

மறுபக்கம் சாகரவர்தன என்ற ரோந்துக் கப்பலைப் பாருங்கள். அதையும் ஜயசாகரவையும் கட்டியது கொழும்பு டொக்யார்ட். 1980களின் நடுப்பகுதிக்குள் இரண்டும் சேவைக்கு வந்துவிட்டன. 1994 செப்டெம்பர் 19 அன்று மன்னாருக்கு அப்பால் கடற்புலிகளின் தாக்குதலில் சாகரவர்தன மூழ்கியது. ஒரே யார்டில் பிறந்த இரண்டில் ஒன்றுக்குக் கிடைத்தது சுமார் பத்து வருடம் மட்டும்.

வயசு போயிட்டுது எண்டு எப்பிடித் தெரியும்? வெளியில பெயின்ட் பளபளக்குதே?

பெயின்டைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கப்பலை டொக்கில் ஏற்றித் தண்ணீரை வெளியே இறைப்பார்கள். அப்போதுதான் உண்மை தெரியும். சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுத்தபின், அல்ட்ராசவுண்ட் கருவியை அடித்தகட்டில் வைத்து எவ்வளவு தடிப்பு மிஞ்சியிருக்கிறது என்று புள்ளி புள்ளியாக அளப்பார்கள். ஆரம்பத் தடிப்பில் கால்வாசி அளவு போயிருந்தால் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்வது வழக்கம்.

துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிடிக்காது. நீர்மட்டக் கோட்டை ஒட்டிய பகுதி, நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறை, கடல்நீர் நிரப்பும் தொட்டிகள், சமையலறைக்கும் கழிவறைக்கும் கீழே உள்ள தளம், இந்த இடங்களில்தான் முதலில் கைவைத்துப் பார்ப்போம். அடிப்பக்கம் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் கரைந்திருந்தால் நல்ல விஷயம். இரும்புக்குப் பதிலாகத் தாங்கள் கரைந்துபோகத்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள். கரையாமல் முழுசாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும், பாதுகாப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ஆனால் தகடு மாற்றக்கூடிய பொருள். ஒரு பழைய கப்பலை நிறுத்தவைப்பது பெரும்பாலும் வேறு சங்கதிகள். எஞ்சினுக்கு உதிரிப்பாகம் செய்த கொம்பனி அதைச் செய்வதை நிறுத்தியிருக்கும். சுவருக்குள் ஓடும் கிலோமீற்றர் கணக்கான வயர்களின் உறை காய்ந்து வெடித்திருக்கும். 1960களில் கட்டியதென்றால் குழாய்களைச் சுற்றி அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், அதைத் தொட்டாலே தனிச் செலவு. ஒரு கட்டத்தில், திருத்தி முடிக்கும் செலவுக்கு அது கடலில் நிற்கப் போகும் நாட்கள் ஈடாகாது என்று கணக்கு வரும். கப்பலின் வயது முடிவாவது அந்தக் கணக்கில்தான்.

மற்ற நாடு பாவிச்சுக் கழிச்சதை ஏன் நாங்க எடுக்கிறம்? அவங்கட குப்பையா?

இந்தக் கேள்வியில் ஒரு கோபம் இருக்கிறது. அது எனக்கு விளங்குகிறது. ஆனால் குப்பை என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவின் ஹமில்டன் வகைக் கப்பல்கள் மொத்தம் 12. ஷெர்மனும் அதில் ஒன்று. அவற்றில் மூன்று பிலிப்பைன்ஸுக்கும், பங்களாதேஷுக்கும் நைஜீரியாவுக்கும் இரண்டிரண்டும் போயின. வியட்நாமும் எடுத்தது. நீண்ட கடற்பரப்பும் சின்ன வரவுசெலவுத் திட்டமும் உள்ள நாடுகளுக்கு இது வழமையான வழி. எங்களுக்கு மட்டும் நடந்த அவமானம் இல்லை.

எல்லாமே பழசும் இல்லை. சயுரலவும் சிந்துரலவும் எங்களுக்காகவே கோவா கப்பல் கட்டும் தளத்தில் புதிதாகக் கட்டப்பட்டு, 2017இலும் 2018இலும் சேவைக்கு வந்தவை. சயுர இந்தியக் கடற்படையில் 1991இல் சேர்ந்து, ஒன்பது வருடம் மட்டும் ஓடிவிட்டு 2000 டிசம்பரில் இங்கே வந்தது. அது நல்ல வயதில் வந்த கப்பல்.

அமெரிக்கா இலவசமாத் தந்ததாமே? அப்ப எங்களுக்கு லாபம்தானே?

தங்களுக்கு மேலதிகமாகிவிட்ட பாதுகாப்புச் சாதனங்களை நட்பு நாடுகளுக்குக் கொடுக்க அமெரிக்காவில் ஒரு சட்ட ஏற்பாடு இருக்கிறது. சமுதுர, கஜபாகு, விஜயபாகு மூன்றும் அமெரிக்கக் கரையோரக் காவல் படையிலிருந்து வந்தவை. கப்பலுக்கு விலை இல்லை என்றாலும், அதை ஓட வைப்பதற்கு விலை இருக்கிறது: புறப்படுமுன் செய்யும் திருத்தம், மாலுமிகளுக்குப் பயிற்சி, பசிபிக்கைக் கடந்து கொழும்பு வரும் எரிபொருள். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் பராமரிப்பு.

கஜபாகு போன்றதில் இரண்டு விதமான எஞ்சின்கள் இருக்கின்றன. சாதாரண ரோந்துக்கு டீசல் எஞ்சின்கள். அவசரத்துக்கு, விமான எஞ்சினிலிருந்து உருவான எரிவாயுச் சுழலிகள். சுழலியைப் போட்டால் மணிக்கு 29 கடல் மைல் அளவுக்குப் பாயும், எரிபொருளையும் அப்படியே குடிக்கும். அதனால் நாளாந்த ரோந்து டீசலிலேயே போகும். விஜயபாகுவும் அதே வகை என்பதால் இரண்டுக்கும் ஒரே உதிரிப்பாகம், ஒரே பயிற்சி. எனக்குத் தெரிந்தவரை இந்தப் பேரத்தில் உண்மையான லாபம் அதுதான். ஒன்று ஓய்வு பெற்றாலும் அதன் பாகங்களில் மற்றது இன்னும் சில வருடம் ஓடும்.

பேரை மாத்தினா கப்பலுக்கு ஆகாது எண்டு சொல்லுவினம். பழைய பேர் என்ன ஆகும்?

மீனவர்களிடையே அந்த நம்பிக்கை உண்டு. கடற்படைகள் அதைப் பார்ப்பதில்லை. நாடு மாறினால் பெயர், இலக்கம், நிறம் மூன்றும் மாறும். வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டையோடு இருந்த கப்பல் சாம்பலாகிறது. சில ஆயுதங்களையும் கருவிகளையும் கொடுக்கும் நாடு முன்கூட்டியே கழற்றிவிடும்.

பழைய பெயர் வீணாகாது, பிறந்த நாட்டில் அடுத்த கப்பலுக்குப் போகும். சயுரவின் பழைய பெயர் ‘சரயு’. இந்தியா 2013இல் வேறொரு புதிய ரோந்துக் கப்பலுக்கு அதே பெயரை வைத்தது. எங்களிடம் ‘சாகர’ என்ற பெயருக்கு மாறிய இந்தியக் கப்பல் ‘வராஹா’. அந்தப் பெயரில் 2019இல் புதிது வந்தது. விஜயபாகு முன்பு ‘டக்ளஸ் மன்றோ’. மன்றோவின் பெயரில் அமெரிக்காவில் இப்போது வேறொரு பெரிய கப்பல் ஓடுகிறது. இங்கேயும் அப்படித்தான். 1959இல் இஸ்ரேலிடமிருந்து வாங்கிய ஒரு போர்க்கப்பலுக்கும் கஜபாகு என்றுதான் பெயர்.

வடக்கில மீன்பிடிப் படகுகளைத் துரத்திப் பிடிக்கிறதும் இந்தக் கப்பல்தானா?

பெரும்பாலும் இல்லை. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். கஜபாகு போன்றவை நீருக்குக் கீழே சுமார் ஆறு மீற்றர் இறங்கி நிற்பவை. அங்கே வேகமாகத் திரும்ப அவற்றால் முடியாது. நெடுந்தீவுப் பக்கமும் மன்னார்ப் பக்கமும் நீங்கள் பார்ப்பது டோரா போன்ற வேகத் தாக்குதல் படகுகளும் அதைவிடச் சிறியவையும்தான்.

பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகளுக்கும் ஒரு பின்வாழ்வு உண்டு, அது சோகமானது. வழக்கு முடியும்வரை காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி போன்ற இடங்களில் கட்டிவைத்து, மரம் உளுத்துப் பாதி மூழ்கிவிடும். 2022 பெப்ரவரியில் நூறுக்கும் மேற்பட்ட படகுகளை அரசு ஏலத்தில் விட்டது. இழுவை வலையால் எங்கள் மீனவர்களுக்கு வந்த நட்டம் பெரியது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஒரு படகு எந்தத் துறையிலும் அப்படி அழுகக் கூடாது. எண்ணெய் கசிந்து கெடுவதும் அதே மீனவர்களின் இறங்குதுறைதான்.

ஓய்வு குடுக்கிற நாளில என்ன செய்வாங்க?

சுருக்கமான சடங்கு. சேவையிலிருந்து விலக்கும் ஆணையை வாசித்து, கொடியையும் பாய்மரத்து நீண்ட கொடியையும் இறக்குவார்கள். ஆட்கள் இறங்கிவிடுவார்கள். அதற்கு முன்பே வெடிமருந்து, எரிபொருள், தொடர்பாடல் கருவிகள், இரகசியப் பத்திரங்கள் எல்லாம் இறக்கப்பட்டிருக்கும். அப்புறம் அது மின்சாரமும் சத்தமும் இல்லாத இரும்புக் கூடு. அப்போதும் ஒரு காவல் வேண்டும். நீர் புகுந்தால் பம்ப் போட ஆளில்லாத கப்பல் துறையிலேயே தாழ்ந்துபோகும்.

பழசாப் போனதும் வேற நாட்டுக்கோ தனியாருக்கோ வித்துடலாமே?

இந்தியாவிலிருந்தோ கொழும்பு டொக்யார்டிலிருந்தோ காசு கொடுத்து வாங்கியதென்றால் முடிவு பெரும்பாலும் எங்கள் கையில். அமெரிக்கா கொடுத்ததில் அப்படியில்லை. இலவசம் பற்றி மேலே சொன்னேனே, அதோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும்: அவர்களின் சம்மதம் இல்லாமல் மூன்றாம் ஆளுக்குக் கைமாற்ற முடியாது. உடைக்கக் கொடுப்பதற்கும் முதலில் அனுமதி கேட்க வேண்டும். ஐம்பது வருடத்துக்கு முன் அவர்கள் கட்டிய கப்பலின் கடைசி நாளிலும் அவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது.

பழைய இரும்புக்கு உடைக்கிறதெண்டா கொழும்பிலயே உடைக்கலாம்தானே?

சின்னப் படகுகளை வெட்டலாம். பெரிய கப்பல்களை உடைக்கும் தொழில் இந்தப் பக்கத்தில் குஜராத்தின் அலங், பங்களாதேஷில் சிட்டகொங் பக்கம் சீதாகுண்ட, பாகிஸ்தானின் கடானி ஆகிய கரைகளில்தான் நடக்கிறது. காரணங்களில் ஒன்று கடலே. அலங்கில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே பத்து மீற்றர் அளவு வித்தியாசம் வரும். பெருக்கில் கப்பலைக் கரையில் ஏற்றிவிட்டால் வற்றில் காய்ந்த மணலில் நிற்கும். கொழும்பில் அந்த வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை.

கப்பல் உடைப்பை ஒழுங்குபடுத்தும் ஹொங்கொங் உடன்படிக்கை 2009இல் ஏற்கப்பட்டு 2025 ஜூனில்தான் அமுலுக்கு வந்தது. போர்க்கப்பல்களுக்கு அது பொருந்தாது. அஸ்பெஸ்டஸ் பற்றி மேலே எழுதியதை இங்கே நினைவில் வையுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் அந்தத் தூசியைச் சுவாசிப்பது நாட்கூலிக்கு வரும் தொழிலாளி. கடற்படைகள் தாமாகவே அந்தத் தரத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடலில தாட்டுவிட்டா மீன் பெருகும் எண்டு சொல்லுறாங்களே?

பெருகலாம். வெறும் மணல்தரையில் ஒரு இரும்புக் கூடு கிடந்தால் பாசி, சிப்பி, சின்ன மீன், அதைத் தின்ன வரும் பெரிய மீன் என்று சில வருடத்தில் ஓர் ஊரே உருவாகும். கிழக்கில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலும், பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கமும் இன்றும் மீன் நிறைந்து கிடக்கின்றன.

ஆனால் வேண்டுமென்றே தாழ்த்துவது மலிவான வேலை இல்லை. எண்ணெய், வயர், பழைய பெயின்ட், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் முதலில் எடுக்க வேண்டும். ஆழம், நீரோட்டம், கப்பல் பாதை பார்க்க வேண்டும். 2002இல் புளோரிடாவில் ஸ்பீகல் குரோவ் என்ற பழைய கடற்படைக் கப்பலைச் செயற்கைப் பாறையாக்கப் போனபோது அது நேரத்துக்கு முன்பே கவிழ்ந்து, அடிப்பாகம் வெளியே தெரிய நின்றது. 2005இல் ஒரு சூறாவளிதான் அதை நிமிர்த்தியது. இன்னொரு விஷயம், கேட்க வேண்டிய ஆட்களைக் கேட்பது. 2021இல் நெடுந்தீவுக்கு அப்பால் பழைய பஸ்களைக் கடலில் இறக்கியபோது தமிழ்நாட்டு மீனவர்கள் எதிர்த்தார்கள். வலை போடுபவர்களோடு முதலில் கதைக்காமல் எதையும் தாழ்த்தக் கூடாது.

மூழ்கின போர்க்கப்பலில இருந்து சாமான் எடுக்கலாமா?

கூடாது. மூழ்கினாலும் போர்க்கப்பல் பொதுவாக அதன் நாட்டுக்கே சொந்தம், அந்த நாடு கைவிட்டதாகச் சொல்லும்வரை. ஹேர்மிஸில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது ஒரு மயானம். பார்த்துவிட்டு வெறுங்கையோடு மேலே வர வேண்டும்.

ஒண்டையாவது மியூசியமா வைக்கலாமே? வைச்சா எங்கட ஆக்களின்ட கதையும் அதில இருக்குமா?

என்னிடம் அடிக்கடி வந்த கேள்வி இது இல்லை, ஒரே ஒரு பிள்ளைதான் கேட்டது. ஆனால் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். முதலில் நடைமுறை: நீரில் மிதக்கும் அருங்காட்சியகத்துக்கும் டொக் வேண்டும், தகடு மாற்ற வேண்டும். இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 1997இல் ஓய்வு பெற்று மும்பையில் அருங்காட்சியகமாக இருந்தது. செலவு தாங்காமல் 2014இல் உடைக்கத் தொடங்கினார்கள். விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கியைக் கடற்கரையில் தரையிலேயே ஏற்றி வைத்தார்கள். அது நிலைத்தது. எங்களுக்கும் ஒரு சிறிய கப்பலைத் தரையில் வைப்பதே புத்தி.

இரண்டாவது பாதிக்குப் பதில், இருக்க வேண்டும். சாகரவர்தன மூழ்கியபோது பிடிபட்ட கப்டன் அஜித் போயகொட எட்டு வருடம் புலிகளின் பிடியில் இருந்து 2002இல் விடுதலையானார். அவர் பட்டது அந்தக் காட்சியில் வர வேண்டும். 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்ட நெடுந்தீவுப் பயணிகளும் வர வேண்டும். உயிர் தப்பியவர்கள் அதைச் செய்தவர்கள் கடற்படையினர் என்றுதான் சொன்னார்கள். ரோந்துக் கப்பலின் விளக்கைத் தூரத்தில் கண்டு வலையை வெட்டிவிட்டு ஓடிய மீனவரும், அதே மாதிரி ஒரு கப்பலால் காப்பாற்றப்பட்ட பலநாள் படகுக்காரரும் பக்கத்துப் பக்கத்துச் சுவரில் இருக்க வேண்டும், மூன்று மொழியிலும்.

அதற்கு இப்போதே செய்ய வேண்டிய வேலை உண்டு. அமெரிக்கக் கப்பல்களின் தினக் குறிப்பேடுகள் அவர்களின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்கின்றன. ஷெர்மன் எந்த நாளில் எங்கே நின்றது என்று அங்கே தேடலாம். இங்கேயும் ஓய்வு கொடுக்கும் நாளுக்கு முன்னரே குறிப்பேடு, வரைபடம், திருத்த வேலைப் பதிவுகளைக் காப்பகத்தில் ஒப்படைத்து, அதில் வேலை செய்த மாலுமிகளிடமும் அந்தக் கடலில் தொழில் செய்த மீனவர்களிடமும் பேட்டி எடுத்துவிட வேண்டும். அந்த ஆட்களில் பலருக்கு இப்போதே எழுபது வயதாகிவிட்டது.